தொகை போடாத பில்

மனிதர்களில் 'பார்த்துச் செய்யுங்க' இனம் என்று ஒன்று இருக்கிறது. ஜனத்தொகை எடுக்க வருகிறவர்கள் இவர்களுக்கென்று தனிக் கட்டம் போடுவதில்லை. போட்டால் மற்றக் கட்டங்களெல்லாம் காலியாகிவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வேலை முடிந்ததும், "எவ்வளவு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தலை மெல்ல ஒரு பக்கம் சாயும், பார்வை உத்தரத்துக்குப் போகும், சொத்தையெல்லாம் துறந்துவிட்டு வந்தவர் முகத்தில் வருவது போல ஒரு புன்னகை வரும். "அதுக்கென்ன, நீங்க பார்த்துச் செய்யுங்க." இங்கிலீஷில் இதற்குச் சரியான வார்த்தை கிடையாது. அந்தப் பாஷைக்காரர்கள் மாசம் பிறந்தால் பில் அனுப்பிவிடுகிறார்கள். நாகரிகம் தெரியாதவர்கள்.

ஆனால் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லமாட்டார். அவர் மனசுக்குள் ஒரு தொகை, பைசா சுத்தமாக, உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கொடுப்பது அதற்கு ஒரு ரூபாய் குறைந்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். ஒரு ரூபாய் கூடினால் மட்டும் சும்மா இருப்பாரா? 'இவ்வளவு கொடுக்கிறவன் இன்னும்கூடக் கொடுத்திருப்பானே' என்று ஏங்கிப்போவார். சரியாக அதே தொகையைக் கொடுத்துவிட்டாலோ, தன் மதிப்பு இன்னொருத்தருக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவிட்டதே என்று அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. ஆக, அவரிடம் தப்பிக்க வழியே இல்லை.

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வக்கீல் சகாயநாதன், பி.ஏ., பி.எல்., இந்த இனத்தின் சிகரம்.

ஆள் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். குறிப்பாகக் காலாவதி விஷயத்தில், அதாவது கடனைக் கேட்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்று கணக்குக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்ய வைப்பதில், ஜில்லாவில் அவருக்கு ஈடு கிடையாது. மூன்று வருஷம் முடிந்து நாலாம் வருஷத்தின் முதல் நாள் பிராது கொடுத்த எத்தனையோ பேர் அவரால் வெறுங்கையோடு வீடு போயிருக்கிறார்கள். பிராதின் தேதியைப் பார்ப்பார், நோட்டின் தேதியைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். எதிர்க்கட்சி வக்கீல் அப்போதே தன் கேஸ் கட்டை மூடிவிடுவார்.

அடுத்தவர் பணம் எந்தத் தேதியில் செத்துப்போகும் என்று இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த மனிதரின் சொந்தப் பீஸ், வருஷா வருஷம், மூன்று மூன்று வருஷமாகக் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. அவர் அதை நல்லடக்கம் செய்துகொண்டிருந்தார், பார்த்துச் செய்யுங்க என்று மரியாதையாகச் சொல்லி.

அப்படிச் சொன்னதில் என்னென்ன வந்தது என்று கேட்கிறீர்களா? நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி ஒருவர், பாகப்பிரிவினை வழக்கில் நாலரை ஏக்கர் கிடைத்த சந்தோஷத்தில், ஐயாவுக்கு என்று ஒரு தகர டின் நிறையப் பாகு கொண்டுவந்து வைத்தார். மூன்று மாசம் எறும்புகளுக்கு வாழ்வு வந்தது. திட்டக்குடிக்காரர் ஒருவர் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை ஓட்டிவந்தார். வந்த மூன்றாம் நாள் அது இன்னொரு கட்சிக்காரருடைய கிரயப் பத்திரத்தில் வடக்கெல்லை முழுவதையும் தின்றுவிட்டது. பண்ருட்டி முந்திரி வியாபாரி பொன்னுரங்கம் ஒன்றுமே கொண்டுவரவில்லை. அவர் பார்த்தார், பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் ஆனதும் வீட்டில் பெரிய பாராயணம் நடக்கும். "ஒண்ணரை வருஷம். பதினேழு வாய்தா. பாகு டின்னு." வக்கீல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே சொல்வார்.

அவர் மனைவி ஆரோக்கிய ராணி கணக்கு டீச்சர். முப்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் 'விடை எங்கே, விடை எங்கே' என்று கேட்டுக் கேட்டு வாழ்கிறவர். "நீங்க வாயெத் தொறந்து கேட்டீங்களா?" என்பார்.

"கேக்கறதா? நான் என்ன கத்திரிக்காயா விக்கறேன்?"

"கத்திரிக்காக்காரி அரைக் கிலோ நாப்பது பைசான்னு சொல்றா. வாங்கிட்டுப் போறா. சாயங்காலம் அவ வீட்டுல அடுப்பு எரியுது."

இந்த இடத்தில் வக்கீல் கை கழுவ எழுந்துவிடுவார்.

அவருடைய குமாஸ்தா கொளஞ்சியப்பனையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன் எட்டாவதோடு நிறுத்தியவன். "குமாஸ்தா படி நாலு ரூபா, காப்பி எடுத்த கூலி ஒண்ணே கால், வண்டிச் சத்தம் எட்டணா, ஆக அஞ்சே முக்கா, எடு" என்று கட்சிக்காரர் உட்காருமுன் சொல்லிவிடுவான். கட்சிக்காரரும் ஏதோ பெரிய பாரம் இறங்கியதுபோல் எடுத்துக் கொடுத்துவிடுவார். பதினாறு வருஷம் இப்படி அஞ்சே முக்காலாகச் சேர்த்துப் புதுப்பாளையத்தில் மச்சு வைத்து ஒரு வீடு கட்டினான். அந்த வீட்டின் கீழ்ப் பாகத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? வக்கீல் சகாயநாதன், பி.ஏ., பி.எல். வாடகை நாற்பது ரூபாய். ஒன்றாம் தேதி காலையில் கொளஞ்சியப்பன் மேலேயிருந்து இறங்கிவந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, "ஐயா, நாப்பது" என்பான். 'ஐயா பார்த்துச் செய்யுங்க' என்று அவன் ஒரு மாசம்கூடச் சொன்னதில்லை.

இனி வழக்குக்கு வருவோம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சிதம்பரத்தில் கைலிக் கடை வைத்திருந்த அபுல் ஹசன் என்பவர்மேல் ஒரு மொத்த வியாபாரி இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குப் பிராது கொடுத்தார். உண்மையில் அந்தக் கடனை அபுல் ஹசன் எப்போதோ கட்டி முடித்துவிட்டார். கட்டினவர் புரோநோட்டைத் திருப்பி வாங்காமல் வந்துவிட்டார். சிதம்பரம் முன்சீப் கோர்ட்டில் தோற்றுப்போனார். கடலூர் சப் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். அதற்கு முப்பது நாள்தான் கெடு. நம்ம சகாயநாதன் மனுவை எழுதி முடித்துவிட்டார். ஸ்டாம்பு வாங்க, நகல்கள் வாங்க இருநூறு ரூபாய் வேண்டும். அபுல் ஹசனோ டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார்.

கொளஞ்சியப்பன், "நான் சிதம்பரம் போயி அவுங்க வீட்டுல கேட்டு வாங்கியாறேன்" என்றான். வக்கீல் பதறிப்போனார். காய்ச்சல்காரரிடம் பணம் கேட்பதா? கேட்கவேண்டாம், "இருநூறு தேவைப்படுகிறது" என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். கார்டின் விலை அப்போது ஐந்து பைசா. வக்கீல் அதற்குப் பதிலாக என்ன செய்தார்? ஆரோக்கிய ராணியின் ஐந்து பவுன் சங்கிலியை, அவருடைய அம்மா கல்யாணத்துக்குப் போட்டதை, ஒரே வாரத்தில் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து வாங்கிக்கொண்டுபோய்த் திருப்பாதிரிப்புலியூர் அடகுக் கடையில் வைத்து, முப்பதாம் நாள் மாலை நாலேகாலுக்கு அப்பீலைத் தாக்கல் செய்தார்.

செய்தது மட்டுமல்ல, ஜெயித்தார். 'பணம் கட்டியாகிவிட்டது; கட்டவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று வருஷம் தாண்டிவிட்டது' என்று அவர் இரண்டு கையாலும் அடித்த அடியில் எதிர்க்கட்சி வக்கீல் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் அபுல் ஹசன், காய்ச்சலில் இளைத்த உடம்போடு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, நான் எவ்ளோ தரணும்?"

தலை சாய்ந்தது. பார்வை கோர்ட்டுக் கூரைக்குப் போனது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அதோடு அபுல் ஹசன் போனவர் போனவர்தான்.

ஏழு வருஷம். வட்டியை அசலோடு சேர்த்துச் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு புது அடகுச் சீட்டாக எழுதி வாங்கி, அந்த இருநூறு நானூற்றுப் பன்னிரண்டாக வளர்ந்து நின்றது. வீட்டில் வேறு எதுவும் அவ்வளவு செழிப்பாக வளரவில்லை. அறுபத்தாறாம் வருஷத் தொடக்கத்தில், இனிமேல் புதுச் சீட்டு கிடையாது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போகும் என்று கடையிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆரோக்கிய ராணி அதைப் படித்தார். கத்தவில்லை, அழவில்லை. நோட்டீஸை மடித்துக் கணவருடைய சட்டப் புத்தகத்தில், காலாவதிச் சட்டம் ஆரம்பிக்கிற பக்கத்தில் வைத்தார். "சிதம்பரத்து பாய்க்கு இன்னைக்கே பில்லு எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

வக்கீல் எழுதினார். அவர் எழுத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஃபுல்ஸ்கேப் தாளில் மூன்று பக்கம். வழக்கு நெம்பர், அப்பீல் நெம்பர், ஒன்பது வாய்தாவின் தேதிகள், 'மேற்படி தங்களுக்கு மேற்படி வழக்கில் அனுகூலமான தீர்ப்புக் கிடைத்தது தங்கள் நினைவில் இருக்கலாம்' என்று கண்ணியமான ஒரு நினைவூட்டல். கடைசி வரிக்கு வந்தார். 'தாங்கள் எனக்குச் செலுத்த வேண்டிய தொகை ரூ.' என்று எழுதினார்.

பேனா நின்றது.

தொகை தெரியாமல் இல்லை. பீஸ் எழுநூற்றைம்பது. ஏழு வருஷமாகக் குளிக்கும்போது, தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தில், "எழுநூற்றைம்பது, எழுநூற்றைம்பது" என்று அவர் சொல்லிப் பழகியிருந்தார். குளியலறையில் அது கம்பீரமாக இருக்கும். தாளில் எழுதப் போனால், யாரோ அவரைக் கடைத்தெருவில் வேட்டியில்லாமல் நிறுத்தினதுபோல் உடம்பு கூசியது. ஐந்து தடவை பேனாவை மையில் தோய்த்தார். கடைசியில் 'ரூ.' என்பதற்குப் பக்கத்தில் அழகாக, ஒரே அளவில், பதினான்கு புள்ளிகள் வைத்தார். கையெழுத்துப் போட்டார். ஆரோக்கிய ராணி திரும்பி வருவதற்குள் உறையை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டார்.

ஏழு வருஷம் தாமதமான பில். அதிலும் தொகை இல்லாத பில். உலகத்தில் எந்த வக்கீலாவது இப்படி ஒரு பில்லை அனுப்பியிருப்பாரா என்று கேட்காதீர்கள். இந்த இனத்தில் எல்லாரும் இதைத்தான் அனுப்புகிறார்கள். மற்றவர்கள் தபால்தலை ஒட்டுவதில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில், வக்கீல் கோர்ட்டுக்குப் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, அபுல் ஹசன் வாசலில் வந்து நின்றார். தாடி நரைத்திருந்தது. கூடவே அவருடைய மச்சான் ஜமாலுதீன், குடையும் கையுமாக. உள்ளே சமையலறையில் டீச்சர் டிபன் பாத்திரத்தை மூடுகிற சத்தம் நின்றது.

"வாங்க பாய், ஒக்காருங்க. என்ன இவ்வளவு தூரம்?" என்றார் வக்கீல், தான் பில் அனுப்பியதே தெரியாதவர்போல.

அபுல் ஹசன் உட்காரவில்லை. ஹஜ்ஜுக்குப் புறப்படுவதாகச் சொன்னார். மூன்று வருஷம் மனுப் போட்டு இந்த வருஷம்தான் குலுக்கலில் பேர் விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை ரயில், அப்புறம் பம்பாயில் கப்பல். போகிறவர் ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டு, யாருக்கு என்ன தர வேண்டுமோ தந்து, ஒருத்தர் பங்கும் தன்மேல் நிற்காமல் போக வேண்டும். ஒரு மாசமாக அதே வேலை. எதிர்க் கடைக்காரரிடம் கேட்டாயிற்று. இருபது வருஷத்துக்கு முன்னால் அளவில் அரை முழம் குறைத்துக் கொடுத்த ஒரு அம்மாளை வடலூர்வரை தேடிப்போய்க் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே இடம்.

"நீங்கதான் ஐயா. உங்க பில்லு வந்திச்சி, அதுலயும் தொகை இல்ல. ஏழு வருஷமா உங்க தெருப்பக்கமே நான் வர்றதில்ல. கடலூருக்கு வந்தாலும் சுத்திக்கினுதான் போவேன்."

"அடடா, ஏன்?"

"பாத்து செய்யுங்கன்னு சொல்லிட்டீங்களே. நான் எதெப் பாக்கறது? ராத்திரில நோட்டெ எண்ணி வெப்பேன். இது கம்மி, ஐயா கோச்சிக்குவாரும்பேன். கூட வெப்பேன். எங்க வீட்டுக்காரி ஷரீபா, இது ரொம்ப ஜாஸ்தி, அவுங்கள வெலைக்கி வாங்கறமாரி இருக்கும்பா. எடுத்துருவேன். இப்பிடியே வெச்சி எடுத்து, வெச்சி எடுத்து, வெக்கமாப் போச்சி. அப்புறம் எனக்கு ரெண்டு கேஸு வந்திச்சி. எந்த மொகத்த வெச்சிக்கினு உங்ககிட்ட வருவேன்? வேற வக்கீலப் பாத்தேன். நொழையும்போதே இருநூறுன்னாரு. நிம்மதியா இருந்திச்சி."

இரண்டு கேஸ். சகாயநாதனுக்கு அந்த 'நிம்மதி' என்ற வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. ஆனாலும் புன்னகை கலையவில்லை. அந்தப் புன்னகை அவரைக் கேட்டு வருவதும் இல்லை, போவதும் இல்லை.

ஜமாலுதீன் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் வாணாம்னுதான் மச்சான்கிட்ட சொன்னேன். மூணு வருசம் தாண்டிட்டா பாத்தியதை கெடையாதுன்னு ஐயாவேதான் கோர்ட்ல சொன்னாரு. நான் பெஞ்சில குந்திக்கினு கேட்டேன். இது ஏழு வருசம். சட்டப்படி குடுக்கணுமா, வாணாமா? ஐயாவே சொல்லட்டும்."

இந்தக் கேள்வியை வேறு எந்த மனிதரிடம் கேட்டிருந்தாலும், தன் பணம் போகிறதே என்று ஒரு நிமிஷமாவது மென்று விழுங்கியிருப்பார். சகாயநாதனிடம் காலாவதி பற்றிக் கேட்டால்? கண்ணில் ஒளி வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி கையில் வந்துவிட்டது.

"நல்ல கேள்வி" என்று எழுந்தே நின்றுவிட்டார். வக்கீல் பீஸுக்கும் மூன்று வருஷம்தான் கெடு. வழக்கு முடிந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். இடையில் கட்சிக்காரர் ஒரு பைசா கொடுத்திருந்தாலோ, 'தர வேண்டியது உண்டு' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலோ கெடு நீளும். அபுல் ஹசன் இரண்டும் செய்யவில்லை. ஆகவே கடன் செத்தது. பில்லில் தொகையும் குறிப்பிடவில்லையாதலால் அது பில்லே ஆகாது என்றும் வாதிக்கலாம். பத்து நிமிஷம், தடை இல்லாமல், தன்னுடைய பில்லை எதிர்த்துத் தானே வாதாடினார். அந்த அறையில் எதிர்க்கட்சிக்கு வக்கீல் இல்லாததுதான் குறை. முடிவாக, "ஆகையால் சட்டப்படி நீங்க எனக்கு ஒரு நயா பைசா தர வேண்டியதில்லை" என்று சொல்லி உட்கார்ந்தபோது முகத்தில் ஜெயித்த களை.

"பாத்தீங்களா மச்சான்" என்றார் ஜமாலுதீன்.

அபுல் ஹசன் அசையவில்லை. "நான் சட்டம் கேக்க வரலிங்க ஐயா. இங்க மூணு வருசம். அங்க கணக்குக் கேக்கறவனுக்கு ஏது மூணு வருசம்? உங்க ஹக்கு, உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு, எம்மேல நிக்கிது. அதெ வெச்சிக்கினு நான் கப்பல்ல ஏற முடியாது. பணம் கொண்டாந்திருக்கேன். தொகையச் சொல்லுங்க, வெச்சிட்டுப் போறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கேட்க முடியுமா? பணம் இடுப்பு வாரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏலம் இருக்கிறது. குளியலறையில் ஏழு வருஷம் பழகிய தொகை நாக்கின் நுனிவரை வந்து நிற்கிறது. எழுநூற்று என்று ஆரம்பித்தால் போதும், ஐம்பது தானே வந்து சேர்ந்துகொள்ளும்.

சகாயநாதன் வாயைத் திறந்தார். தலை சாய்ந்தது.

"அதுக்கென்ன பாய். நீங்க பாத்து..."

"அதான் முடியலேன்னு சொல்றனே" என்றார் அபுல் ஹசன். குரல் உடைந்துவிட்டது. அறுபது வயசுக்காரர். "ஏழு வருசமாப் பாத்துட்டேன். நான் கொறையா வெச்சி நீங்க மனசுல ஒண்ணு நெனச்சா, எம் பயணம் வீணு. நீங்க தொகை சொல்லணும். இல்லாட்டி, நான் விட்டுட்டேன், மனசாரப் பொருந்திக்கிட்டேன்னு உங்க வாயால சொல்லணும். ரெண்டுல ஒண்ணு. இது இல்லாம நான் இந்த வாசப்படி எறங்க மாட்டேன்."

வக்கீல் உத்தரத்தைப் பார்த்தார். உத்தரத்தில் ஒரு பல்லி இருந்தது. அதற்கும் தொகை தெரியவில்லை. எழுநூற்றைம்பது என்பது எட்டு எழுத்து வார்த்தை. தூக்கினால் அவர் ஆயுளிலேயே அவ்வளவு கனமான சாமான் இருக்காது. பக்கத்தில் இன்னொன்று, பஞ்சுபோல லேசாக, எடுத்துக்கொள் எடுத்துக்கொள் என்று கிடந்தது.

"விட்டுட்டேன் பாய்" என்றார் சகாயநாதன். "மனசாரப் பொருந்திக்கிட்டேன். நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் அவருக்கே ஆச்சரியம். அபுல் ஹசன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜமாலுதீனுடைய முகத்தில், கோர்ட்டுச் செலவு உட்பட வழக்கு தன் பக்கம் டிகிரியான சந்தோஷம். சகாயநாதனுக்கும் கண் கலங்கியது. தன்னைப்போல ஒரு பெருந்தன்மைக்காரனை அவர் கிட்டத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

"அவரு விட்டாரு. நான் விடல."

ஆரோக்கிய ராணி கதவருகில் நின்றிருந்தார், தோளில் பை, கையில் டிபன் பாத்திரம். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரம் தவிர முகத்தில் வேறொன்றும் இல்லை.

"ராணி, நீ உள்ள போ" என்றார் வக்கீல், மெதுவாக.

"பீஸு அவரோடது பாய். அவரு விடட்டும், தலையச் சுத்தித் தூக்கிப் போடட்டும், நான் கேக்க மாட்டேன். ஆனா உங்க அப்பீலுக்கு ஸ்டாம்பு வாங்கின பணம் அவரோடது இல்ல. நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்க. எங்கம்மா போட்ட சங்கிலிய அடகு வெச்சிதான் கட்டினாரு. அது இன்னும் அங்கதான் கெடக்குது. வெள்ளிக்கெழம ஏலம். அசலும் வட்டியும் சேத்து நானூத்திப் பன்னெண்டு ரூபா."

வக்கீல் அவமானத்தில் தரையைப் பார்த்தார். தன் வீட்டுக் கூடத்தில், கட்சிக்காரர் எதிரில், ஒரு தொகை அப்படியே, மேலே துணிகூடப் போர்த்தாமல், நின்றுகொண்டிருந்தது.

அபுல் ஹசனுடைய முகத்தில் நடந்தது வேறு. முதலில் திகைப்பு, ஒரு பெண்பிள்ளையின் சங்கிலி ஏழு வருஷம் தன்மேல் நின்றிருக்கிறதே, தெரியாமலே கப்பல் ஏறியிருப்போமே என்ற நடுக்கம். அதற்கப்புறம், மெல்ல மெல்ல, காய்ச்சல் விட்டவன் முகத்தில் வருகிறதே, அந்தத் தெளிவு.

"நானூத்திப் பன்னெண்டா?" என்றார். "சரியா நானூத்திப் பன்னெண்டுதானேம்மா?"

"சீட்டு இருக்கு, காட்டட்டுமா?"

"வாணாம்மா, வாணாம்." வாரை அவிழ்த்தார். நாலு நூறு ரூபாய் நோட்டு. அப்புறம் ஒரு பத்து. "மச்சான், உங்ககிட்ட ரெண்டு ரூவா இருக்குதா?" ஜமாலுதீன் சட்டைப் பையைத் துழாவி, மனசில்லாமல், இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அபுல் ஹசன் பணத்தை மேஜைமேல் வைக்கவில்லை. டீச்சர் கையிலேயே கொடுத்தார். "இதுக்கும் நீங்க பொருந்திக்கிட்டேன்னு சொல்லணும்மா."

ஆரோக்கிய ராணி எண்ணிப் பார்த்தார். "பொருந்திக்கிட்டேன். கணக்கு நேராயிடுச்சி. போயிட்டு வாங்க பாய், பத்திரமா." அவ்வளவுதான். பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். அன்றைக்கு முதல் பீரியட் போகவில்லை. நேரே திருப்பாதிரிப்புலியூர் போனார். இரண்டாம் பீரியடில் பின்னப் பாடம் நடத்தும்போது கழுத்தில் சங்கிலி இருந்தது.

விஷயம் இதோடு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அபுல் ஹசன் புறப்படும்போது, ஜமாலுதீன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, கொளஞ்சியப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: மச்சான் ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டிக்கொண்டு வந்திருந்தார், ஐயா எதைச் சொன்னாலும் அப்படியே வைப்பதாக இருந்தார் என்று. கொளஞ்சியப்பன் அதை ஐயாவிடம் கொண்டுசேர்க்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று முதல் சகாயநாதனுக்கு ஒரு புது மனத்தாங்கல். எழுநூற்றைம்பது போனது பற்றி இல்லை. அது அவர் தானமாகக் கொடுத்தது. பார் அசோசியேஷனில் கிடைத்தவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்: "நல்லா வந்துகிட்டிருந்தது. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா அவரே பார்த்து ஆயிரத்து இருநூறும் வெச்சிருப்பாரு. இவ நடுவுல வந்து ஒரு தொகையச் சொல்லிக் கெடுத்துட்டா." கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். பாதிப் பேருக்கு அது மிகவும் நியாயமாகவே படும்.

உங்களுக்கும் பட்டதா? பட்டால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். போன மாசம் எதிர் வீட்டுக்காரர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்களே, அவர் 'எவ்வளவு தரட்டும்?' என்று கேட்டபோது உங்கள் பார்வை எங்கே போனது? சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு போன கூட்டாளி தெருவில் எதிர்ப்பட்டபோது, 'அதுக்கென்ன, மெதுவாப் பாத்துக்கலாம்' என்றது யார் வாய்? ஏழு வருஷமாகக் காத்திருக்கிறீர்கள், மனசில் தொகை பைசா சுத்தமாக இருக்கிறது, அவரே ஒரு நாள் வாசலில் வந்து நிற்பார் என்று நம்புகிறீர்கள். நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் உங்களுக்குத் தர வேண்டியவர்கள் எல்லாருக்கும் ஹஜ் குலுக்கலில் பேர் விழுவதில்லை. எதற்கும் உள்ளே போய், வீட்டுச் சங்கிலி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு வாருங்கள்.